ஏழாம் வரிசையில் நாற்பத்தேழாம் முளை

மேஸ்திரி எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் பேசுவார். வாசலிலேயே நின்றுவிட்டால் சங்கதி சரியில்லை என்று அர்த்தம். அந்த வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, கையெல்லாம் மண்ணாக, வாசலிலேயே நின்றார்.

“சார், நாப்பத்தொண்ணுல ஒரு ஆள்தான் இருக்காங்க.”

நான் இந்த இடுகாட்டின் எழுத்தர். என் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, தோண்டி எடுக்கும் எலும்புகளை வைக்கிற பெட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர் கல்லக்கா. ஏழாம் வரிசையின் பட்டியல் அவர் கைவேலை. ஒவ்வொரு குழிக்கும் எண் எழுதிய மரமுளை அடித்து வைத்திருந்ததும் அவர்தான். நாற்பத்தொன்றாம் முளை இருந்த இடத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் பொறித்த ஒரே கல் நின்றது. ஒரே குழியில் ஒருவர்மேல் ஒருவராக இரண்டு பேர் என்று பட்டியலில் எழுதியிருந்தார். இங்கே அப்படிப் பல குழிகள் உண்டு.

இன்னும் ஆழமாக வெட்டிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாயிற்று, அடியில் கட்டாந்தரைதான் என்றார் மேஸ்திரி. அந்த அம்மாள் பக்கத்தில் தனிக் குழியில் இருக்கிறாராம். இரண்டு குழிக்கும் பொதுவாக நடுவில் கல்லை நட்டிருக்கிறார்களாம். கேட்டு வந்த பேரனுக்கு இருவருமே கிடைத்துவிட்டார்கள், அதனால் ஒன்றும் பாதகமில்லை என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கல்லக்காவின் பேனா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

“தம்பி, அந்த இடத்துல நான் கல்லை எண்ணியிருக்கேன். குழியை எண்ணலை.”

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றரை மணிக்கு, நாற்பத்தேழைக் கேட்டிருந்த தையல்காரம்மா வருவதாக இருந்தது.

கல்லக்கா என்று பெயர் வைத்தது நான்தான். கேலிக்குத்தான் வைத்தேன். அவரே அந்தப் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் பேச ஆரம்பித்ததும் கேலியில் ருசி போய்விட்டது. நீதிமன்றத்தில் முப்பத்தோரு வருடம் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்துக் கொடுத்தே பழகியவர். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் ஏதோ படிவத்துக்காக அப்பா இறந்த தேதியைக் கேட்டார் என்று, பன்னிரண்டு வருடத்துக்கு முன் முதல் தடவையாக இங்கே வந்தார். அப்பாவின் கல்லைத் தேடிக் கண்டுபிடித்தார். அதற்கு இரண்டு கல் தள்ளி ஒரு சின்னக் கல்லில் தன் பெயரையே பார்த்தார். அப்பா பெயர் சரி, வீட்டுப் பெயர் சரி. வயது மட்டும் இரண்டு. இவர் பிறப்பதற்குப் பதினான்கு மாதம் முன்னால் போன அக்கா. அவளுக்கு வைத்த பெயரையே அடுத்துப் பிறந்தவளுக்கு வைத்திருக்கிறார்கள், அதைப்பற்றி வீட்டில் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

அறுபது வயதில் தனக்கு ஓர் அக்கா இருந்ததைக் கல் சொல்லித் தெரிந்துகொண்ட மனுஷி, மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார். தன்னிடம் சொல்லாமல் விட்டதுபோல ஊரில் எத்தனை பேரிடம் சொல்லாமல் விட்டிருப்பார்கள் என்பது அவர் கேள்வி. ஓய்வு பெற்றவர்களுக்குப் பொழுது போகாது, நமக்குப் பொழுது போதாது என்று நான் முணுமுணுத்தேன். அவர் காதில் விழுந்திருக்கும். அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் வந்தார்.

ஒரு வாளித் தண்ணீர், மெத்தென்ற தூரிகை, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. எழுத்து தேய்ந்துபோன கல்லில் தண்ணீர் தெளித்து, கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் அடிப்பார். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், அரை நிமிடம் பெயர் தெரியும். அந்த அரை நிமிடத்தில் எழுதிக்கொள்வார். சுண்ணாம்பு தேய்த்துப் படிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. கல்லின் தோலை உரிக்கிறார்கள் என்று திட்டுவார். கல்லை அவர் நம்பியதும் இல்லை. வயதைக் கல் கூட்டியோ குறைத்தோ சொல்லும். செலவு செய்து கல் நாட்டிய மருமகனின் பெயர் செத்தவர் பெயரைவிடப் பெரிதாக இருக்கும். பிள்ளைகள் வரிசையில் ஒரு மகன் பெயர் விட்டுப்போயிருந்தால் போய் விசாரியுங்கள், ஒரு வீட்டுத் தகராறு கிடைக்கும் என்பார். சொன்னபடியே கிடைக்கும். அண்ணன் தம்பி என்று தெரியாமல் ஒரே தெருவில் குடியிருந்த இரண்டு கிழவர்களை என் கண் முன்னால் சேர்த்து வைத்திருக்கிறார். ஒருவருக்கொருவர் என்ன பேசுவது என்று தெரியாமல் அவர்கள் என் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கல் பொய் சொல்லும் என்று அவ்வளவு உஷாராக இருந்தவர், எண்ணுகிறபோது கல்லை நம்பிவிட்டார்.

ஏழாம் வரிசை வழியாகச் சாலை வருகிறது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் வரிசையை முழுக்கக் காலிசெய்து கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. உறவினர் கேட்டு வந்தால் எலும்புகளைப் பெட்டியில் வைத்துப் புது இடத்தில் தனியாகப் புதைக்கலாம். கேட்பாரற்றவர்களுக்குப் பொதுக்குழி. அவர்களைத் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளில் எடுத்து முடித்துவிட்டார்கள். உறவினர் முன்னிலையில் எடுக்க வேண்டியவர்களை வியாழக்கிழமைக்கு வைத்திருந்தோம்.

பாதிக் குழிகளுக்குக் கல்லே கிடையாது. பதிவேட்டில் குழிக்கு ஓர் எண் இருக்கும், அந்த எண்ணை வாசலிலிருந்து எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் நாற்பதிலிருந்து நாற்பத்துநான்கு வரையிலான இடத்தைக் கறையான் தின்றிருந்தது. உண்மையில் கணவருக்கு நாற்பத்தொன்று, மனைவிக்கு நாற்பத்திரண்டு. கல்லக்கா ஒற்றைக் கல்லைப் பார்த்து இருவருக்கும் சேர்த்து ஒரே முளை அடித்தார். அதற்கப்புறம் எல்லா முளையும் ஒரு குழி தள்ளிப்போயிற்று. நாற்பத்தேழு என்று எழுதிய முளை நாற்பத்தெட்டாம் குழியில் நின்றது. உண்மையான நாற்பத்தேழாம் குழியில் நாற்பத்தாறு என்ற முளை நின்றது.

நாற்பத்தாறைக் கேட்டு யாரும் வரவில்லை. புதன்கிழமையே எடுத்துப் பொதுக்குழியில் போட்டாயிற்று.

நாற்பத்தொன்றுக்குப் பிறகு அந்த வரிசையில் கேட்டு வந்தவர் ஒரே ஒருவர்தான், தையல்காரம்மா. நாற்பத்தேழு அவருடைய அப்பா. மகள் தாயின் வயிற்றில் இருந்தபோதே இறந்துபோனவர். ஒரு புகைப்படம் கிடையாது. இருந்ததெல்லாம் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் அவர் அம்மா மடித்து வைத்திருந்த ஒரு ரசீது. ஏழாம் வரிசை, நாற்பத்தேழு. ஒன்பது வருடத்துக்கு முன் அதை எடுத்துக்கொண்டு வந்தார். கல்லக்கா கையைப் பிடித்து அழைத்துப்போய் இடத்தைக் காட்டினார். அன்று முதல் கடை விடுமுறை நாளெல்லாம் வந்து, அந்த முளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார். ஜன்னல் வழியாக நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

“அக்கா, ஒண்ணும் சொல்ல வேண்டாம். முளையில இருக்கறவங்களை எடுத்துக் குடுத்துடலாம். அவங்க மனசு நிறைஞ்சு போவாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?” என்றேன்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க.”

யானைக்கும் அடி சறுக்கும், ஆயிரம் பெயரில் ஒன்று தப்புவது மனுஷ சுபாவம், இதை வெளியே சொன்னால் பன்னிரண்டு வருடமாக அவர் செய்து கொடுத்த பட்டியல்களை ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்றெல்லாம் அடுக்கினேன். கல்லக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

“யானை சறுக்குனா யானைக்குத்தான் அடி. இங்க அடி யாருக்கு, தம்பி?”

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரம் அவர்மேல் இல்லை என்பதை இப்போது எழுதும்போதுதான் ஒப்புக்கொள்கிறேன். ஏழாம் வரிசையை எண்ணி முடித்த அன்றைக்கு அவர் என்னிடம் வந்தார். பதிவேட்டில் ஐம்பத்தைந்து குழி, எண்ணினால் ஐம்பத்துநான்கு வருகிறது, ஒன்று எங்கே என்று கேட்டார். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்த நேரம். மதில் கட்டியபோது கடைசிக் குழி அடியில் போயிருக்கும், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அந்த மதிலை நான் கட்டவும் இல்லை, கட்டியதைப் பார்க்கவும் இல்லை. பசி நேரத்தில் ஆளை அனுப்ப ஒரு பதில் வேண்டியிருந்தது. ஆபீஸிலிருந்து வந்த தகவல் என்று அவர் நம்பி எழுதிக்கொண்டார். அந்த மதிலைப்பற்றி அன்று காலை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நேராகப் பொதுக்குழிக்குப் போனோம். திங்கள், செவ்வாய் இரண்டு நாள் எடுத்தவர்கள்மேல் மண் தள்ளி மூடியிருந்தது. புதன்கிழமை எடுத்தவை மட்டும் வெள்ளைத் துணி மூட்டைகளாக, மேலாக ஒரு தட்டு மண்ணோடு கிடந்தன. பதினொரு மூட்டை. அதில் நாற்பத்தாறாம் முளையின் மூட்டை எது என்று கேட்டேன். மேஸ்திரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“கேட்பாரில்லாதவங்களுக்குச் சீட்டு வேணாம், நேரம் வீண்னு நீங்கதான சார் சொன்னீங்க.”

சொன்னேன். திங்கட்கிழமை காலையில், எல்லார் முன்னாலும், நன்றாகச் சத்தமாகவே சொன்னேன்.

மூட்டைகளின்மேல் இனி மண் போடக் கூடாது என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஓடி, சாலைப் பொறியாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். ஒரு நாள் தள்ளிக்கொடுங்கள் என்று கேட்டேன். ஒரு குழி முன்னே பின்னே போனால் செத்தவர் எழுந்து வந்து கேட்கப்போகிறாரா என்றார் அவர். வெள்ளிக்கிழமை மாலை இயந்திரம் வரும், அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மணி பத்து ஐம்பது. கல்லக்கா மூலைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் முகத்தைவிடப் புடவையில்தான் அதிகம் பட்டது.

“நான் சொல்லிக்கறேன். நீங்க குறுக்க பேசாதீங்க” என்றார்.

சொன்ன நேரத்துக்குக் கால்மணி முன்னாலேயே தையல்காரம்மா வந்துவிட்டார். தோளில் கிடந்த அளவு நாடாவைக்கூட எடுக்க மறந்து கடையிலிருந்து நேராக வந்திருந்தார். கையில் ஒரு புதுத் துணி. பெட்டிக்குள் விரிப்பதற்கென்று தைத்தது. நான்கு ஓரமும் உள்ளே மடித்து, தையல் வெளியே தெரியாமல் அடித்திருந்தார். அதை என் மேஜைமேல் வைத்து நீவிவிட்டு, பெட்டி அளவு இதுதானே சார் என்று கேட்டார். நான் கல்லக்காவைப் பார்த்தேன்.

கல்லக்கா எழுந்து நின்றார். உட்கார்ந்து சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். எழுபத்திரண்டு வயதில், நீதிமன்றத்தில் தீர்ப்பு கேட்கிறவர் மாதிரி நின்றுகொண்டு, ஒன்றையும் விடாமல் சொன்னார். ஒரு கல், இரண்டு குழி, தள்ளிப்போன முளைகள், புதன்கிழமை எடுத்தது, சீட்டில்லாத பதினொரு மூட்டை. மன்னிப்பு என்ற வார்த்தையைக் கடைசியில்தான் சொன்னார். முதலில் சொல்லியிருந்தால் மற்றதைக் கேட்க அந்த அம்மாளுக்கு மனம் இருந்திருக்காது.

தையல்காரம்மா துணியை மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார்.

“சட்டையில ஒரு காஜா விட்டுப் பட்டன் போட்டா, கடைசியில ஒரு பட்டன் மிஞ்சும். அப்பக்கூடவா உங்களுக்குத் தெரியலை?”

கல்லக்கா தலையைக் குனிந்துகொண்டார். சொல்ல அவரிடம் பதில் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “மிஞ்சுச்சும்மா. அவங்க வந்து கேட்டாங்க. மதிலுக்கு அடியில போயிருக்கும்னு நான்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினேன்” என்றேன். தையல்காரம்மா என்னைத் திட்டவில்லை. மேஜையில் கிடந்த பூச்சியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கல்லக்கா பக்கம் திரும்பினார்.

“அப்ப ஒம்பது வருஷமா நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?”

பதிவேட்டை எடுத்து நாற்பத்தெட்டைப் பார்த்தேன். பெண், வயது சுமார் இருபது, சாலையோரம் கிடந்தவர், பெயர் தெரியவில்லை. உரக்கப் படித்தேன். அந்த அம்மாள் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மகன் சண்டை போட்டுக்கொண்டு போனது, தனக்கு வயிற்றில் கட்டி எடுத்தது, கடையை விற்றுவிடலாமா என்று தவித்தது என்று வீட்டில் ஒருவரிடமும் சொல்லாததையெல்லாம் அங்கேதான் சொல்லியிருக்கிறாராம். இதைச் சொல்லிக்கொண்டே அழுதார். கல்லக்கா அவர் பக்கத்தில் போய் உட்காரப் பார்த்தார். அவர் கையால் வேண்டாம் என்று காட்டினார்.

மூட்டைகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சோதித்தால் அப்பா எது என்று ஒருவேளை தெரியலாம், அதற்கு மேலிடத்து உத்தரவு வாங்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை எல்லாம் கிடங்கில் இருக்கும் என்று நான் ஆரம்பித்தேன். எந்தக் கிடங்கு என்று கேட்டார். சாலை வேலைச் சாமான்கள் போட்டிருக்கும் தகரக் கொட்டகையைச் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“வேண்டாம். பதினோரு பேரையும் எங்கிட்ட குடுங்க. எங்கப்பா அதுக்குள்ள இருக்காரில்ல? எல்லாரையும் ஒரே இடத்துல வெச்சுடறேன்.”

உறவினர் மட்டும்தான் கேட்டு வாங்கலாம் என்பது விதி. அந்த விதியைக் காட்டி நான் திருப்பி அனுப்பியவர்கள் எத்தனையோ பேர். பதினொரு படிவத்தை எடுத்தேன். பதினொன்றிலும் உறவு என்ற இடத்தில் ‘மகள்’ என்று எழுதினேன். அதில் ஒன்று நிஜம். எது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் மற்றதைப் பொய் என்று சொல்லவும் ஆளில்லை. கையெழுத்து வாங்கப் படிவங்களை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் பேனாவை எடுக்காமல் நின்றார்.

“இன்னொண்ணு வேணும். அந்தப் பொண்ணுக்கு.”

எடுத்தேன். பெயர் என்ற இடத்தில் கோடு போட்டேன். உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

“தெரிஞ்சவங்கன்னு எழுதுங்க.”

அப்படியே எழுதி முத்திரை குத்தினேன். மூன்று பேரும் பொதுக்குழிக்கு நடந்தோம். மேஸ்திரி இறங்கி நின்று, மண்ணைக் கையால் விலக்கி, மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேலே கொடுத்தார். அவருடைய ஆட்கள் வாங்கிப் பலகைமேல் வரிசையாக வைத்தார்கள். பழக்கம் யாரை விட்டது? கல்லக்கா விரலை நீட்டி ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்துவிட்டார்.

“நீங்க எண்ண வேண்டாம். நான் எண்ணிக்கறேன்” என்றார் தையல்காரம்மா.

அதட்டலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நீட்டிய விரலைக் கல்லக்கா மடக்கிக்கொண்டார். பன்னிரண்டு வருடத்தில் அவர் இடுகாட்டில் சும்மா நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தையல்காரம்மா முதல் மூட்டைக்குப் போய், குனிந்து கையால் தொட்டு, ஒண்ணு என்றார். ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு, வாய்விட்டுச் சொல்லி, கடைசி மூட்டைவரை வந்தார். அது பதினொன்று. பிறகு நிமிர்ந்து, இன்னும் தோண்டாமல் இருந்த நாற்பத்தேழாம் முளைக்கு நடந்துபோய், தான் வழக்கமாக உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்து, மண்ணில் உள்ளங்கையை வைத்துப் பன்னிரண்டு என்றார்.